அம்மாவுக்கு 70 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு" என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். உங்கள் தாயார் தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டு திடமாக இருக்கிறார் என்றால், அவரிடம் விவரமாக எடுத்துச் சொல்லி, அவர் சம்மதித்தால் எடுத்துவிடுங்கள் என்பது என் பதில். நான் மருத்துவர் அல்ல. வலங்கைமான் பக்கத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

பிள்ளை பெற்றுப் பால் கொடுத்து, மாதவிலக்கும் நின்றுபோன பிறகு மார்பில் இனி என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. ஆனால் வயது ஏற ஏறத்தான் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. மத்திய அரசு 2016இல் வெளியிட்ட நெறிமுறை, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்றவர் கையால் மார்பகத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறது. உங்கள் தாயாரின் வயது அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவோ 40 முதல் 74 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமோகிராம் எடுக்கலாம் என்று 2024இல் பரிந்துரைத்திருக்கிறது.

என் மாமியாருக்கு அப்போது 71 வயது. சம்பா நடவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவரை, ஒருவழியாகத் தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துச் சென்றேன். மார்பிலும் அக்குளிலும் பவுடர் பூசிக்கொள்ளாமல் செல்ல வேண்டும்; பவுடர்த் துகள்கள் படத்தில், சில வேளை புற்றுநோய்க்கு அறிகுறியாகும் சுண்ணாம்புப் புள்ளிகளைப்போலத் தெரியக்கூடும். ஒவ்வொரு மார்பையும் இரண்டு தகடுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தி எடுக்கிறார்கள். வலி உண்டு, ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடியது. முதுமையில் மார்பில் கொழுப்புத் திசு மிகுந்துவிடுவதால் இளவயதுப் பெண்களைவிடப் படம் பெரும்பாலும் தெளிவாகவே விழும்.

எனக்கு ஆறாத வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். "கூட ஆம்பிளைங்க யாரும் வரலையா?" என்று கேட்டு, வெளியே நின்றிருந்த என் கொழுந்தனாரை அழைத்து, ஒரு வார்த்தை விளக்கமும் சொல்லாமல் அவர் கையில் அறிக்கை உறையைக் கொடுத்தார்கள். பரிசோதனை செய்துகொண்டவரும் அவரை அழைத்து வந்த நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். உறையைப் பிரித்தவர் கண்ணில் 'பைராட்ஸ் 4ஏ' என்ற வரி பட்டது. புற்றுநோய் நான்காம் நிலை என்று அவராகவே பொருள் கொண்டுவிட்டார். பேருந்து பாபநாசம் வருவதற்குள் மன்னார்குடி, திருவாரூர் உறவுகள் வரை செய்தி போய், அழுகையும் தொடங்கிவிட்டது. பைராட்ஸ் எண் நோயின் நிலையைக் குறிப்பதே இல்லை. படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதற்கு 0 முதல் 6 வரை இடப்படும் குறியீடு அது. 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 10 வரைதான். ஊசியால் திசு எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்பது அதன் பொருள். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே திசு எடுத்தார்கள். முடிவு வரும்வரை அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் அல்லாத பழைய நார்க்கட்டி என்று வந்தது. உடனே, "ஒன்றும் இல்லாததற்குக் கிழவியை அலைக்கழித்துவிட்டாய்" என்ற பேச்சு தொடங்கி இன்றும் கல்யாண வீடுகளில் தொடர்கிறது. புற்றுநோய் இல்லை என்று பிறகு தெரிந்ததை வைத்து, பார்த்ததே தவறு என்று எப்படிச் சொல்ல முடியும்? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் மட்டுமே சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. அதில் 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது.

தேவையற்ற சிகிச்சையில் கொண்டுபோய் விடும் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆயுள் முழுவதும் தொல்லை தராத கட்டிகளும் படத்தில் சிக்குகின்றன. பரிசோதனையால் உயிர் காக்கும் பலன் தெரிய ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும் என்பதால், படுத்த படுக்கையாக இருப்பவரையோ கடுமையான இதய நோய் உள்ளவரையோ இதற்காக அலைக்கழிக்க நான் சொல்லமாட்டேன். 75 வயதுக்கு மேல் நன்மை தீமையை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அதே அமெரிக்கக் குழுவும் சொல்கிறது. அத்தைக்கு இப்போது 76. இனி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பு உள்ளிழுத்தலோ, இரத்தக் கசிவோ தென்பட்டால் மட்டும் உடனே என்னிடம் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அப்படி ஏதாவது தெரிந்தால் எந்த வயதிலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் தாயார் சம்மதித்தால், அறிக்கையை அவர் கையிலேயே கொடுக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை எடுக்கும்போது பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நெடுநாளாக மாறாமல் இருக்கும் புள்ளிக்காக மீண்டும் ஊசி குத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.