6,000 டாலருக்குத் தோட்டா வாங்கி வைக்கலாமா?

கேள்வி: ஹூஸ்டன் புறநகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எனக்கு கிரீன் கார்டு, மனைவி வேலைக்குப் போகவில்லை, இரண்டு குழந்தைகள். மான் வேட்டைக்கு .308 ரைபிள் வைத்திருக்கிறேன். பயிற்சியும் சேர்த்து ஆண்டுக்கு 150 தோட்டா சுடுவேன். 2020-ல் கடைகளில் தோட்டா கிடைக்காமல் போனதைப் பார்த்ததிலிருந்து ஒரு பயம். 4,500 டாலருக்குத் தோட்டாக்கள், 1,500 டாலருக்கு ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் கூட்டை வீட்டிலேயே திரும்ப நிரப்புவது) கருவிகள், பிரைமர் (தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து) என்று வாங்கி வைக்க நினைக்கிறேன். கிரெடிட் கார்டில் வாங்கி மாதம் 200 டாலராகக் கட்டலாம், வட்டி 24 சதவீதம். சேமிப்பில் இரண்டு மாதச் செலவுக்கான பணம் உள்ளது. எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் பாதிப் பங்கு போடுகிறேன் என்கிறார். விலை ஏறினால் விற்றும் விடலாம் அல்லவா?

பதில்: முதலில் நண்பர் விஷயம், ஏனென்றால் அதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். டெக்ஸாஸில் வழக்கமான ஆண்டு லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். அதைப் புதுப்பிக்க மறந்தால் அந்த விலக்கும் போச்சு. வழக்கு என்று ஒன்று வந்தால் அவருடைய விசாவே ஆட்டம் காணும். குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் அவர் ஒரு டாலர்கூடப் போட வேண்டாம். கூட்டு முதலீடு என்ற பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 6,000 டாலரை 24 சதவீத வட்டியில் மாதம் 200 வீதம் கட்டினால் கடன் அடையக் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு ஆகும். வட்டி மட்டும் 3,200 டாலரைத் தாண்டும். தோட்டா ஒரு டாலர் என்று வைத்தாலும் 4,500 தோட்டா வரும். ஆண்டுக்கு 150 சுடும் உங்களுக்கு அது 30 ஆண்டுச் சரக்கு. குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் தோட்டா பல பத்தாண்டு கெடாது என்பது உண்மைதான். ஆனால் 30 ஆண்டு கழித்துச் சுடப்போகும் தோட்டாவுக்கு இன்று வட்டி கட்டுவது எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

விற்கலாம் என்ற எண்ணத்தையும் பார்ப்போம். கைத்துப்பாக்கிக்கான 9 எம்எம் தோட்டாவை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள், கொரோனாவுக்கு முன்பு 20 சென்ட் அளவில் இருந்தது. 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் 70, 80 சென்ட்டுக்குப் போனது. 2023-ல் 30 சென்ட்டுக்குக் கீழே திரும்பிவிட்டது. உச்சத்தில் பயந்து வாங்கியவர்கள்தான் அதிகம், அந்த உச்சத்தில் விற்றவர்கள் கொஞ்சம். மேலும் தோட்டா விலைக்குள் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 சதவீத எக்ஸைஸ் (கலால்) வரி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகும் நல்ல வரிதான், ஆனால் விற்கும்போது உங்களுக்குத் திரும்பாது. வீட்டில் நிரப்பிய தோட்டாவையோ முன்பின் தெரியாதவர்கள் வாங்கவே மாட்டார்கள். வாங்கவும் கூடாது. அதைத் தொழிலாக விற்க மத்திய லைசென்ஸ் வேண்டும்.

ரீலோடிங் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது, தட்டுப்பாடு வந்தாலும் நாம் தப்பித்துவிடுவோம் என்று. 2020-ல் முதலில் காணாமல் போனவற்றில் பிரைமரும் ஒன்று. அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் செய்பவை பெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன் ஆகிய நான்கு பெயர்கள்தான். அவர்களே தோட்டாவும் செய்கிறார்கள். தட்டுப்பாட்டில் தங்கள் தொழிற்சாலைத் தேவை போக மிஞ்சுவதுதான் கடைக்கு வரும். பவுடரிலும் இதே கதை. அதன் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுகளுக்கும் வேண்டும், அதனால் உக்ரைன் போருக்குப் பிறகு அதற்கும் போட்டி.

லாபக் கணக்கும் உங்களுக்கு ஒத்துவராது. பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்தி, ஒரு தோட்டாவுக்கு 40 சென்ட் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்கு மட்டும் 600 டாலர் போட்டால் அதை எடுக்க 1,500 தோட்டா நிரப்ப வேண்டும், அதாவது பத்து ஆண்டு. வேட்டைக்கான விலை கூடிய தோட்டாவில் மிச்சம் அதிகம்தான், ஆனால் அது ஆண்டுக்கு ஒரு பெட்டிக்கு மேல் உங்களுக்குச் செலவாகாதே. மாதம் சில நூறு சுடுபவர், கடையில் எளிதில் கிடைக்காத காலிபர் (தோட்டா அளவு) வைத்திருப்பவர், அந்த வேலையையே ரசிப்பவர், இவர்களுக்கு ரீலோடிங் நல்லது. மூன்றில் ஒன்றாக நீங்கள் மாறினால் அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இருப்பு வைப்பதற்கு விதிகளும் உண்டு. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு, இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லாப் பவுடரை வீட்டில் அதன் சொந்த டப்பாக்களிலேயே 20 பவுண்டு வரை வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓரங்குலப் பலகைப் பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் தீயணைப்பு விதி இதைவிடக் கடுமையாக இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக் காப்பீட்டுக்காரரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டெக்ஸாஸ் வெயிலில் கராஜும் பரணும் பவுடருக்கு ஆகவே ஆகாது. எதை வைத்தாலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

பயம் என்றீர்கள். உங்கள் ஊர் கண்ட அவசரங்களை நினைத்துப் பாருங்கள்: 2017-ல் ஹார்வி வெள்ளம், 2021 பிப்ரவரிப் பனிப்புயல், 2024 ஜூலையில் பெரில் புயல். மக்கள் அல்லாடியது குடிநீருக்கும் மின்சாரத்துக்கும், இடிந்ததைச் சீர்செய்யும் பணத்துக்கும். வெள்ளச் சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்பீடு ஏற்காது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக எடுத்த 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், ஆகவே புயல் கிளம்பிய பிறகு ஓடிப் பயனில்லை. ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு இரண்டு மாதச் சேமிப்பு மிகக் குறைவு. ஆறு மாதமாவது வேண்டும்.

ஆகவே கார்டுக்குக் கட்ட நினைத்த அந்த 200 டாலரை மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வெள்ளக் காப்பீடு இல்லையென்றால் இந்த வாரமே விலை கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் வீதம் சில நாளுக்கான தண்ணீர் வாங்கி வையுங்கள். தோட்டாவா, மூன்று ஆண்டுக்கான 450 போதும். அதையும் ஒரே நாளில் வாங்காமல் ஒரு வருடத்தில் ரொக்கத்துக்குப் பிரித்து வாங்குங்கள். அதில் மூன்று பெட்டி, உங்கள் ரைபிளைக் குறி சரிபார்த்த அதே வேட்டைத் தோட்டாவாக, முடிந்தால் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தடவையில் தயாரானதாக இருக்கட்டும். தேர்தல் நெருங்கும் மாதங்களிலும், புதுச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பும் நேரத்திலும் எல்லோரும் பயந்து வாங்குவார்கள், அப்போது கடைப்பக்கம் போக வேண்டாம்.