பாதியில் நிற்கும் மங்காவை இன்னொரு குழு எடுத்து மொழிபெயர்த்தால் தப்பா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு ஆங்கில ரசிகர் குழு 31 அத்தியாயம் வரை மொழிபெயர்த்த மங்கா (ஜப்பானியப் படக்கதை), ஏழு மாதமாக அப்படியே நிற்கிறது. இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 32இலிருந்து தொடரலாம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அடுத்தவர் ப்ராஜெக்ட்டில் கை வைத்தவர்கள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று தயக்கம்.

எடுங்கள். ஏழு மாதம் ரொம்பவே அதிகம். ஆனால் எப்படி எடுக்கிறீர்கள் என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நின்று அடிபட்டவன் என்பதால் சொல்கிறேன்.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, ரசிகர் குழுக்கள் வைத்திருக்கும் ப்ராஜெக்ட் பட்டியல் அதேதான். ரிசர்வேஷன் கிடையாது, ரசீது கிடையாது. இருந்தாலும் துண்டு கிடக்கும் சீட்டில் யாரும் சட்டென்று உட்கார மாட்டார்கள். நாளைக்குத் தன் துண்டுக்கும் அந்த மரியாதை வேண்டுமே. அதே சமயம் பஸ் கிளம்பி மூணு ஸ்டாப் தாண்டியும் துண்டுக்காரர் ஏறவில்லை என்றால், கைக்குழந்தையோடு நிற்கிற அம்மா அதை எடுத்து ஓரமாக மடித்து வைத்துவிட்டு உட்காருவார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். துண்டைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தால்தான் சண்டை வரும்.

திருச்சியில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ஆங்கில ஸ்கேன்லேஷன் குழுவில், அதாவது மங்காவை ஸ்கேன் செய்து மொழிபெயர்த்து இணையத்தில் போடும் ரசிகர் குழுவில், டைப்செட்டராகச் சேர்ந்தேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஃபோட்டோஷாப் தெரியும். அது போதும் என்றார்கள். ஐந்து வருடம் இருந்தேன். குழுவின் பெயர் வேண்டாம்.

ஒரு அத்தியாயம் எப்படி உருவாகிறது என்று வெளியே பலருக்குத் தெரியாது. அது தெரிந்தால்தான் ஒரு குழு ஏன் 'எங்கள் தொடர்' என்று அப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது புரியும். முதலில் 'ரா', அதாவது ஜப்பானியப் பக்கங்களின் ஸ்கேன். மொழிபெயர்ப்பவர் பக்கம் பக்கமாக, வசனம் இருக்கும் பலூன் பலூனாக எழுதித் தருவார். க்ளீனர் ஜப்பானிய எழுத்தை அழித்து, பழுப்பேறிய பத்திரிகைத் தாளை வெள்ளையாக்கி, கறுப்பைக் கறுப்பாக்குவார். எழுத்து படத்தின் மேலேயே போடப்பட்டிருந்தால் அதை அழித்த இடத்தில் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துக் கோடு கோடாக வரைய வேண்டும். அது ரீட்ரா. கடைசியில் டைப்செட்டர். ஜப்பானிய மொழி மேலிருந்து கீழே ஓடுவதால் பலூன்கள் உயரமாக, ஒல்லியாக இருக்கும். அதற்குள் குறுக்கே ஓடும் ஆங்கிலத்தை அடைக்க வேண்டும். ஒரு நீள வார்த்தை வந்தால் அன்று ராத்திரி போச்சு. வாரப் பத்திரிகையில் வரும் தொடர் என்றால் அத்தியாயத்துக்கு 20 பக்கம் சொச்சம்; மாத இதழ் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குகூட வரும். ரயில் கடந்து போகும் சத்தம் பெரிய எழுத்தாக இரண்டு பக்கம் முழுக்கப் பரவிக் கிடந்த ஒரு காட்சியில் மட்டும் நான் இரண்டு இரவு உட்கார்ந்திருக்கிறேன். காசு கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஒரு புனைபெயர், அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு மாதத் தொடர் இருந்தது. 22 அத்தியாயம் முடித்தபோது மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வேலை கிடைத்து ஆள் காணாமல் போனார். எங்கள் தலைவர் 'நிறுத்திவிட்டோம்' என்று ஒரு வரி போடவில்லை. போட்டால் தோற்றுப்போன மாதிரி இருக்குமாம். பட்டியலில் அந்தத் தொடர் 'நடப்பில்' என்றே கிடந்தது. ஐந்தாம் மாதம் இன்னொரு குழு, 'நீங்கள் தொடரவில்லை என்றால் நாங்கள் எடுக்கலாமா?' என்று பணிவாகக் கேட்டது. எட்டாம் மாதம் மறுபடி கேட்டது. இரண்டையும் நான் பார்த்தேன். தலைவர், 'பார்க்கலாம், ஆள் கிடைத்தால் நாமே செய்யலாம்' என்றார். அவர்களுக்குப் பதில் போகவில்லை. வைக்கோல்போர் நாய் என்பார்களே, அது நாங்கள்தான்.

ஒன்பதாம் மாதம் ஒரே இரவில் 23, 24, 25 வந்தன. எங்கள் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் தீப்பிடித்தது. 'ஸ்நைப்', அதாவது எங்கள் தொடரைத் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்று கத்தினோம், நானும் சேர்ந்துதான். அடுத்த நாள் ஆற அமர உட்கார்ந்து அவர்கள் செய்ததைப் படித்தேன். பாத்திரங்களின் பெயர்களை நாங்கள் எழுதிய எழுத்துக்கூட்டல்படியே வைத்திருந்தார்கள், வாசகர் குழம்பக் கூடாது என்று. நன்றிப் பக்கத்தில் முதல் 22 அத்தியாயத்துக்கு எங்கள் குழுவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அவர்கள் துண்டை மடித்து வைத்திருந்தார்கள். நாங்கள்தான் பஸ்ஸிலேயே இல்லை.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். 26ஆம் அத்தியாயத்தின் ரா ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. பாதி சுத்தம் செய்த ஃபோட்டோஷாப் ஃபைல்கள் என் கணினியில் கிடந்தன. அவற்றை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. ஆனால் அந்தப் பக்கங்களைச் சுத்தம் செய்தது நான் இல்லை, வேறு ஒரு பையன். அவனிடம் கேட்கவில்லை. தலைவர் திட்டியது எனக்கு உறைக்கவில்லை, அந்தப் பையன் 'கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே' என்று எழுதியது உறைத்தது. ஃபைல்களைப் பகிர்வது இந்த உலகத்தில் ஆகப் பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் உழைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கீழே யாராவது கேட்பீர்கள். சட்டப்படி இதில் எந்த ரசிகர் குழுவுக்கும் எதுவும் சொந்தமில்லை. மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது என்று பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு சொல்கிறது. நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. 2010இல் ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்பாளர்கள் கூட்டணி சேர்ந்து ஸ்கேன்லேஷன் தளங்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று அறிவித்த சில வாரங்களில், அப்போது மிகப் பெரிதாக இருந்த ஒன்மங்கா தளம் தன்னிடமிருந்த மங்காக்களை நீக்கிவிட்டது. ஆக, 'எங்கள் ப்ராஜெக்ட்டைத் திருடிவிட்டார்கள்' என்று ஒரு ஸ்கேன்லேஷன் குழு சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். எங்கள் குழு சொன்னபோது வரவில்லை என்பது வேறு கதை.

சொந்தம் இல்லாத இடத்தில்தான் மரியாதை அதிகம் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வேறு எதுவும் இல்லை. இந்தப் பழக்கம் இணையத்துக்கும் முந்தியது. 1980களின் கடைசியிலும் 90களிலும் அமெரிக்காவில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர்கள் விஎச்எஸ் வீடியோ டேப்பில் சப்டைட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க விரும்புபவர் வெற்று டேப்பையும் திரும்ப அனுப்பத் தபால்தலையையும் சேர்த்து அனுப்புவார். அதில் படி எடுத்து அனுப்புவார்கள். விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று டேப்பிலேயே எழுத்து ஓடும். உரிமம் வாங்கி அதிகாரபூர்வமாக வெளியாகப்போகிறது என்றால் ரசிகர் டேப் நிறுத்தப்பட வேண்டும் என்பது எழுதாத விதி. எல்லோரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2009 ஜனவரியில் க்ரன்ச்சிரோல் என்ற இணையதளம் நருட்டோ ஷிப்புடென் என்ற அனிமேவைச் சட்டப்படி ஒளிபரப்பத் தொடங்கியபோது, அந்தத் தொடருக்கு சப்டைட்டில் போட்டு மிகப் பிரபலமாக இருந்த ரசிகர் குழு தானே நிறுத்திக்கொண்டது. அதனால் நீங்களும் முதலில் பார்க்க வேண்டியது பழைய குழுவை இல்லை. உங்கள் தொடர் ஆங்கிலத்தில் எங்காவது முறைப்படி வருகிறதா என்று பாருங்கள். ஜப்பானியப் பதிப்பகமான ஷூயெய்ஷாவின் மங்கா ப்ளஸ் தளம் 2019 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பல தொடர்களின் முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்கள் இலவசம். அங்கே இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

ஸ்நைப் என்ற வார்த்தைக்கு உண்மையிலேயே பொருந்துகிற காரியம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழு மாதாமாதம் ஒழுங்காக, நிதானமாகச் செய்துகொண்டிருக்கும். தொடர் திடீரென்று பிரபலமாகும், உதாரணமாக அனிமேவாக வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால். உடனே ஒரு புதுக் குழு குதிக்கும். ரா வந்த சில மணி நேரத்தில் இயந்திர மொழிபெயர்ப்பைக் கொட்டி, சத்தங்களைக் காட்டும் எழுத்துகளை ஜப்பானிய மொழியிலேயே விட்டுவிட்டு, முதலில் வெளியிடும். கூடவே நன்கொடை பட்டன். வாசகர்கள் அதைப் படித்துவிடுவார்கள். நிதானமான குழுவின் அத்தியாயம் நாலு நாள் கழித்து வரும்போது யாரும் சீண்ட மாட்டார்கள். இரண்டு மாதத்தில் மனம் விட்டு அவர்கள் நிறுத்துவார்கள். அடுத்த மாதம் புதுக் குழுவுக்கு வேறு பிரபலத் தொடர் கிடைத்துவிடும். தொடர் அநாதை. இப்படி மூன்று தொடர்களையாவது நான் பார்த்திருக்கிறேன். ரசிகர் குழுக்கள் தங்கள் மொழிபெயர்ப்பை ஏற்றும் மங்காடெக்ஸ் மாதிரியான தளத்தில் ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு குழுவின் பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். அதனால் இன்னொரு குழுவின் தொடரைச் செய்வது மட்டும் தளத்தின் விதியை மீறுவதாகாது. அநியாயம்தான், ஆனால் புகார் கொடுக்க இடம் இல்லாத அநியாயம்.

வேறு மொழிக்குக் கொண்டுபோவது இன்னொரு கிளை. பிரேசிலிலிருந்து ஒரு குழு எங்களிடம், 'உங்கள் சுத்தம் செய்த பக்கங்களைத் தர முடியுமா, போர்ச்சுகீசில் போடுகிறோம்' என்று கேட்டது. கொடுத்தோம். நாங்கள் வைத்த நிபந்தனை இரண்டுதான்: எங்கள் வெளியீட்டுக்கு இரண்டு நாள் கழித்துப் போடுங்கள், பெயரை எடுக்காதீர்கள். கேட்காமலே எடுத்துக்கொண்டு, நன்றிப் பக்கத்தை வெட்டிவிட்டுப் போட்டவர்களும் உண்டு.

கேட்பது வெறும் நாகரிகத்துக்காக என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு சின்ன விஷயம் அதை மாற்றியது. ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே அக்காவும் தங்கையும் வேறு வேறு சொல். அனே என்றால் அக்கா, இமோட்டோ என்றால் தங்கை. ஆங்கிலத்தில் வந்ததும் இரண்டும் 'சிஸ்டர்'. எங்கள் ஆங்கிலத்தை வைத்து வேறொரு மொழிக்குக் கொண்டுபோன ஒரு குழு, அந்த மொழியிலும் மூத்தவள் இளையவள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதால், ஊகித்துத் தங்கை என்று போட்டுவிட்டது. பத்து அத்தியாயம் கழித்துத்தான் அவள் அக்கா என்பதே கதையின் முடிச்சு என்று தெரிகிறது. எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். பக்கத்தில் ஏறாத எத்தனையோ விஷயம் முன்னால் செய்தவர் தலையில் இருக்கிறது. தமிழுக்கு ஆங்கிலம் வழியாகக் கொண்டுவர நினைப்பவர்களும் இதில்தான் முதலில் இடறுவீர்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், 'பதில் வரவில்லை என்றால் சம்மதம் இல்லை என்றுதான் அர்த்தம்' என்று எழுதியிருந்தார். ரசிகர் புனைகதையில் அது சரி. ரசிகர்கள் தாங்கள் எழுதிய கதைகளைப் போடும் ஏஓ3 தளத்தில் ஒருவர் எழுதிய கதையை மொழிபெயர்க்க வேண்டுமென்றால் எழுதியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். சிலர் 'யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம்' என்று சுயவிவரத்திலேயே போட்டு வைத்திருப்பார்கள். அப்படி இல்லாமல் அவர் மௌனமாக இருந்தால் விட்டுவிட வேண்டியதுதான், கதை அவருடையது. சக மொழிபெயர்ப்பாளரின் மௌனம் அந்த வகை இல்லை. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் மறுக்க முடியாது. 'அப்படியென்றால் மங்கா வரைந்தவரிடம் யார் கேட்டது?' என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் வாதம் நொண்டுவது அந்த இடத்தில்தான். ஐந்து வருடமும் அதைக் கவனிக்காத மாதிரியே இருந்தேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. இன்னொரு முறை எழுதுங்கள், இந்தத் தடவை தேதி போட்டு: 'இத்தனாம் தேதிக்குள் தகவல் இல்லை என்றால் 32இலிருந்து தொடங்குகிறோம், நீங்கள் எப்போது திரும்பி வந்தாலும் சேர்ந்து செய்யத் தயார்.' இரண்டு வாரம் கொடுத்தால் போதும். அந்த இரண்டு வாரத்தில் சும்மா இருக்காமல் மூன்று அத்தியாயத்தை முழுசாக முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்துவிட்டு ஒன்றோடு நிற்கிற குழுவைவிட எதுவும் செய்யாத குழு மேல். முதல் 31ஐத் திரும்பச் செய்யாதீர்கள். அதில் தப்பே இருந்தாலும் இப்போது வேண்டாம், அது துண்டைத் தூக்கி எறிகிற வேலை. பெயர்களின் எழுத்துக்கூட்டலை மாற்றாதீர்கள். முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ அவர்கள் பெயரைப் போடுங்கள்.

குழுவின் பொது முகவரிக்கு மட்டும் எழுதாமல், பழைய நன்றிப் பக்கத்தில் பெயர் இருக்கிற மொழிபெயர்ப்பாளரைத் தனியாகத் தேடிப் பாருங்கள். குழு செத்துப்போனாலும் ஆள் எங்காவது இருப்பார். எங்கள் குழுவிலிருந்து காணாமல் போன அந்தப் பெண் ஒன்றரை வருடம் கழித்து, புதுக் குழு 40ஐத் தாண்டியபோது தலைகாட்டினார். கோபப்படுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'அந்தப் பாட்டி ஓசாகாப் பக்கத்துப் பேச்சு பேசுகிறவள், 23இலிருந்து அதை விட்டுவிட்டீர்கள்.' கூடவே முதல் நாளிலிருந்து அவர் எழுதி வைத்திருந்த பெயர்ப் பட்டியலையும் குறிப்புகளையும் அனுப்பினார். 41இலிருந்து பாட்டியின் வசனங்களை மட்டும் அவரே செய்து கொடுத்தார்.