20 வருடப் பழைய காரின் முன்பக்க சஸ்பென்ஷனை வீட்டிலேயே பிரித்து மாற்ற முடியுமா?

முடியும். நான் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். இரண்டாவது தடவை ஏன் தேவைப்பட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வண்டியும் என்னுடையதைப் போல மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) வகையாகத்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் டொக் டொக்கென்று சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பு, டயரின் உள்ளோரம் மட்டும் தேய்மானம். இதெல்லாம் வந்த பிறகுதான் கேட்டிருப்பீர்கள்.

முதல் தடவை ஸ்ட்ரட், மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை), லிங்க் ராட், டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பியின் நுனி மூட்டு) எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, சக்கரம் இல்லை, ஆர்ம் கீழே தொங்குகிறது. அப்படியே எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியான அளவில் இறுக்கினேன். ஓட்டிப் பார்த்தால் அவ்வளவு சுகம். நாலே மாதத்தில் பழைய சத்தம் திரும்பி வந்துவிட்டது. ஆர்மின் சக்கரப் பக்க நுனியில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டில் ஆட்டமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் லோயர் ஆர்மை வண்டியோடு பூட்டும் இடத்தில் இருக்கும் புஷ்ஷில் ரப்பர் பிறை வடிவத்தில் கிழிந்திருந்தது தெரிந்தது. நகம் உள்ளே போகும் அளவுக்குக் கிழிசல்.

அந்த புஷ் பேரிங் மாதிரி சுழலாது. உள் குழாயிலும் வெளி வளையத்திலும் ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினால் உள் குழாய் அசையாது. ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். சும்மா நிற்கும்போதும் முறுக்குதான். கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் புஷ் போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கி, வழக்கமான உயரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு. அடியில் போக இடம் இல்லையென்றால் ஸ்டாண்டை எடுக்காமல், பால் ஜாயிண்ட்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கம் ஸ்டாண்டை விட்டு மயிரிழை எழும்பும் வரை ஏற்றி இறுக்கலாம்.

எல்லா புஷ்ஷுக்கும் இது பொருந்தாது என்று யாராவது வருவார்கள். சரிதான், பாலியூரித்தேன் புஷ் தாராளமாகச் சுழலும். நான் சொல்வது ரப்பர் ஒட்டிய புஷ்ஷை.

ஸ்பிரிங்கில் மட்டும் துணிச்சல் வேண்டாம். ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்காமல் தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியான கம்ப்ரசர் இரண்டையும் நேரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாறி மாறித் திருகி, ஸ்பிரிங் தட்டை விட்டுத் தளர்ந்த பிறகே அந்த நட். பயமாக இருந்தால் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி ஒரு பட்டறையில் கொடுத்து அதை மட்டும் செய்து வாங்குங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு. இந்த வேலைக்கு முந்தைய வருடம் ஒரே இடத்தில் மூன்று தடவை அலைன்மென்ட் பார்த்தேன். மூன்று தடவையும் பணம் வாங்கினார்கள், தாளில் பச்சை எண்களைக் காட்டினார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருந்தால் பால் ஜாயிண்ட் ஆடுவது தெரிந்திருக்கும். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு எதை நேராக்க முடியும்? இரண்டு நல்ல டயர் போனதுதான் மிச்சம்.

நீங்கள் டை ராட் எண்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றினால், அலைன்மென்ட் செய்யும் இடம் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம்.