ஊறவைத்த அரிசியும் நாலரை மணி ஷோவும்

கேள்வி

எனக்கு வயது 37. சிறுசேரியில் ஐ.டி. வேலை. மனைவிக்கு 34, தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே பையன், இரண்டாம் வகுப்பு. மேடவாக்கத்தில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஹவுஸ் ஓனர் கீழ்வீட்டில்.

எங்களுக்குள் பெரிய பிரச்சினை என்று எதுவும் இல்லை. குடி, கடன், சந்தேகம் எதுவும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சண்டை வருகிறது. வாரம் முழுக்க ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்கு நடுவே பைக் ஓட்டிவிட்டு வருகிறேன், போக ஒரு மணி நேரம், வர ஒன்றேகால். வீட்டுக்குள் நுழைந்ததும் யாராவது பேசினாலே எரிச்சலாக இருக்கிறது. சனிக்கிழமை அந்த அலுப்பைத் தூங்கித் தீர்ப்பேன். ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை நண்பர்களோடு கிரிக்கெட். அதற்கப்புறம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். என்ன வேலை சொன்னாலும் செய்வேன், முகம் சுளித்ததில்லை. ஆனால் அவள் சொல்லவே மாட்டாள், தானே செய்துவிட்டு மாலையில் கடுகடுவென்று இருப்பாள்.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று வேளச்சேரி மாலில் நாலரை மணி ஷோவுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு, மூன்று மணிக்குச் சொன்னேன். பையன் குதித்தான். அவள் முகம் மாறிவிட்டது. "அப்ப மாவு?" என்றாள். "அட, கடையில பாக்கெட் வாங்கிக்கலாம், இதுக்குப் போய்" என்றேன். உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்களுக்குத்தாங்க ஞாயித்துக்கிழமை, எனக்கு ஏது" என்று சொல்லிவிட்டு கிச்சனுக்குள் போய்விட்டாள். நானும் பையனும் மட்டும் படத்துக்குப் போய் வந்தோம். மூன்று நாள் சரியாகப் பேசவில்லை.

அவள் நல்லவள். விழுப்புரத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடாமல் மாதாமாதம் அனுப்புவதுகூட அவள்தான். அதனால்தான் இன்னும் குழப்பமாக இருக்கிறது. உனக்கு என்ன பிடிக்கும், எங்கே போகலாம் என்று கேட்டால் "தூங்கணும்" என்கிறாள். மாவுக்காக ஒருத்தி அழுவாளா? அவளுக்கு மனச்சோர்வு ஏதாவது இருக்குமோ?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேடவாக்கம்

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் வந்துவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாகத் தினமும் அழுகை, தூக்கம் கெடுவது, பசி குறைவது, பிடித்தவர்களோடுகூடப் பேசப் பிடிக்காமல் போவது என்றெல்லாம் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், வெறும் ரத்தசோகையே ஆளைப் படுக்க வைத்துவிடும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த அழுகைக்கு நோயின் பெயர் தேவைப்படவில்லை. மாவே போதும்.

அந்த மூன்று மணியில் உங்கள் சமையலறையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் அரைக்க வேண்டுமென்றால் பதினொரு மணி வாக்கில் நாலு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் ஒரு டீஸ்பூன் வெந்தயமும் ஊறப் போட்டிருப்பார். தண்ணீர் குடிக்க நீங்களே இரண்டு தடவை அந்தப் பாத்திரங்களைத் தாண்டிப் போயிருப்பீர்கள். நாலு மணிக்கு உளுந்து போட்டால் அரை மணி, அரிசிக்கு இன்னொரு அரை மணி, கிரைண்டர் கழுவ கால் மணி. தை மாதக் குளிரில் மாவு பொங்கப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். ஐந்தேகாலுக்குக் கரைத்து வைத்தால்தான் திங்கள் காலை பள்ளி வேன் வருவதற்குள் இட்லி. அதே மாவுதான் செவ்வாய்க்குத் தோசை, புதனுக்கு ஊத்தப்பம். படத்துக்குப் போய், சாப்பிட்டு, வேளச்சேரி நெரிசலில் ஊர்ந்து வீடு வர ஒன்பதாகும். அதற்குமேல் கிரைண்டர் ஓட்டினால் கீழ்வீட்டில் முணுமுணுப்பார்கள். ஓட்டினாலும் காலையில் மாவு சப்பென்று கிடக்கும். நீங்கள் மூன்று டிக்கெட்டை நீட்டியபோது அவர் மூன்று நாள் காலை டிபனைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடை மாவு வாங்குவதில் தப்பே இல்லை. ஊறினதை வடித்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் அரைத்திருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. "அரிசி ஊறுதே, அதை ஃபிரிட்ஜில வெச்சுட்டு வரேன், காலைக்குப் பாக்கெட் மாவு வாங்கி வெச்சுட்டேன், நீ புடவை மாத்து" என்று சொல்லியிருந்தால் அவர் கிளம்பியிருக்கவும் கூடும். "இதுக்குப் போய்" என்ற சொல்தான் வலித்திருக்கும். அரிசி ஊறுவது உங்களுக்குத் தெரியவே இல்லை என்பதையும் அது சேர்த்துச் சொல்லிவிட்டது.

"சொன்னால் செய்வேன்" என்கிறீர்கள். ஆலோசனைக்கு வரும் கணவர்கள் பலர் சொல்வது இதுதான், பொய்யும் இல்லை. ஆனால் சொல்வது என்பதே ஒரு வேலை. அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் எழுதிய ஆய்வில் வீட்டு யோசனை வேலையை நாலாகப் பிரித்திருக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவர்களும் கலந்துகொள்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில். உங்கள் அம்மாவின் மாத்திரையையே எடுங்கள். அட்டையில் எத்தனை பாக்கி என்று போனில் கேட்பது, சீட்டு பழசாகிவிட்டதா என்று பார்ப்பது, ஆர்டர் போடுவது, போய்ச் சேர்ந்ததா என்று மறுபடி கேட்பது. மகன் நீங்கள். இதை அவருடைய நல்ல குணத்துக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது ஒரு வேலைப் பட்டியலின் நடுவரியாகத் தெரிகிறது.

நம் நாட்டுக் கணக்கும் கையில் இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார். செய்யும் ஆண் 97 நிமிடம். 'செய்யும் ஆண்' என்பதைக் கவனியுங்கள், நூற்றுக்கு 26 பேர்தான் அப்படி. மனதில் ஓடும் கணக்கு அந்த நிமிடங்களுக்குள் அகப்படாது.

இன்னொன்று, உங்கள் கடிதத்திலேயே இருப்பது. வங்கிக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைதான் விடுமுறை. உங்களுக்கு எல்லாச் சனியும் விடுமுறை என்று தெரிகிறது. ஆக, முதல் சனியும் மூன்றாம் சனியும் அவர் கவுன்டரில் இருக்கும்போது நீங்கள் தூங்கி எழுகிறீர்கள். அதோடு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் மைதானம். உங்கள் ஓய்வைக் குறை சொல்லவில்லை, அந்த ரோட்டில் தினமும் இரண்டேகால் மணி நேரம் பைக் ஓட்டுகிறவருக்கு அது தேவைதான். அதே கிரிக்கெட்டை அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், பையன், பால், வாசல் மணி எல்லாவற்றையும் ஒருத்தர் பார்த்துக்கொள்வதால்தான் உங்களுக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைக்கிறது. அவருக்காக அப்படி யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

அதனால் மாவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உதவியாக இல்லாமல் முழுசாக. உளுந்து டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில் தொடங்கி, புதன்கிழமை காலிப் பாத்திரத்தைத் தேய்ப்பது வரை. அவர் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் காலை பத்துக்கு ஊறப்போட்டு இரண்டு மணிக்கு அரைத்தால், மாவு இரவில் பொங்கி ஞாயிறு காலை ஃபிரிட்ஜுக்குள் போய்விடும், ஞாயிறு மதியமே காலியாகக் கிடைக்கும். அளவை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கிச்சனிலிருந்து "உப்பு எவ்வளவு?" என்று குரல் கொடுத்தால் கண்காணிக்கும் வேலை மறுபடி அவரிடம் போய்விடும்.

முதல் மூன்று வாரம் தப்பு வரும். உளுந்தில் ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் பொங்காது, கையால் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். கல் சூடாகிவிட்டால் மாவு காணாது, ஃபிரிட்ஜ் தண்ணீர் நல்லது. பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றினால் ராத்திரியில் வழிந்து மேடையெல்லாம் ஓடும். கிரைண்டரை உடனே கழுவாவிட்டால் காய்ந்த மாவைச் சுரண்டவே அரை மணி ஆகும். இவை எல்லாம் நடக்கட்டும். அந்த மூன்று வாரமும் கேட்டாலொழிய அவர் திருத்தக் கூடாது, கல் மாதிரி இட்லியைப் பார்த்துச் சிரிக்கலாம். இது அவருக்குத்தான் கஷ்டமான பகுதி, முன்பே பேசி வையுங்கள்.

மாத்திரையும் இன்றோடு உங்களுடையது. மிச்ச வேலைகளுக்கு, இருவருக்கும் விடுமுறையான ஒரு சனிக்கிழமை டிபனுக்குப் பிறகு நாற்பது நிமிடம் உட்காருங்கள். யூனிஃபார்ம், கேன் தண்ணீர், கேஸ் புக்கிங், பள்ளி வாட்ஸ்அப் குரூப், உறவினர் வீட்டு விசேஷ மொய் என்று துண்டுச் சீட்டில் ஒன்றொன்றாக எழுதி, முன்பக்கம் 'இதைச் செய்வது யார்' என்றும், பின்பக்கம் 'இதை ஞாபகம் வைத்திருப்பது யார்' என்று குறியுங்கள். முன்பக்கம் ஓரளவு கலந்துதான் வரும். பின்பக்கத்தைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் இருவரும் பேச மாட்டீர்கள். பாதிக்குப் பாதி பிரிக்க வேண்டியதில்லை. ஒரு சீட்டை யார் எடுத்தாலும் முழுசாக எடுக்க வேண்டும், எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்பதை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பேச்சை ஞாயிறு இரவு பத்து மணிக்கு வைக்காதீர்கள். பைக்கில் போகும்போதும் வேண்டாம், ஹெல்மெட்டுக்குள் கேட்ட பாதி வாக்கியத்தில் எத்தனையோ சண்டை ஆரம்பித்திருக்கிறது. பேச்சு சூடாகி நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் தனித்தனியாக இருங்கள். நாடித்துடிப்பு நூறைத் தாண்டிய பிறகு எதிராளி சொல்வது காதில் ஏறாது என்பதைத் தம்பதிகளை ஆய்வு செய்த ஜான் காட்மன் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

ஓய்வுக்கு வருவோம். ஞாயிறு உங்களுக்கு ஆறிலிருந்து ஒன்பது என்றால் அவருக்கும் அதே மூன்று மணி நேரம், உதாரணமாக மூன்றிலிருந்து ஆறு. அந்த நேரத்தில் வாசல் மணியும் வீட்டுப்பாடமும் உங்கள் டியூட்டி. "இந்த டிபன் பாக்ஸ் மூடி எங்கே?" என்ற போன்கூடப் போகக் கூடாது. என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். முதல் சில வாரம் தூங்குவார், தூங்கட்டும். தூக்கக் கடன் அடையாமல் ரசனை திரும்பாது. பிறகு வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தால் கண் தானாகவே மடிக்காத துணிமேல் போய் விழும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ தோழி வீடோ, அவர் பாடு.

மூவரும் சேர்ந்து போவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். எங்கே என்பது வியாழனுக்குள் முடிவாக வேண்டும், ஒரு தடவை நீங்கள், மறு தடவை அவர். திட்டம் யாருடையதோ, அன்றைய சாப்பாடும் துணியும் அவர் பொறுப்பு. மால் எனக்கு உவப்பில்லை, பார்க்கிங் தேடியே பாதிப் பொழுது போய்விடும். மாலை ஐந்துக்குக் கிளம்புவதற்குப் பதில் காலை ஆறரைக்குக் கிளம்புங்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு கிரிக்கெட்டை விட்டால் ஆயிற்று. பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். இந்த மாதங்களில் பூநாரைகள் நிற்கும். தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள் இறங்கிப் பார்ப்பதில்லை. ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கொண்டு போனால் பையன் ஒரு மணி நேரம் அசைய மாட்டான். திரும்பும்போது வழியில் டிபன்.

புதுசாக எதையாவது சேர்ந்து செய்வதற்குத் தனிப் பலன் உண்டு. உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனையில் தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, கையால் தொடாமல் ஒரு தலையணையைத் தாங்கிக்கொண்டு தவழ்ந்து போகச் சொன்னார்கள். ஏழே நிமிடம். சாதாரண வேலை கொடுக்கப்பட்ட தம்பதிகளைவிட இவர்கள் தங்கள் உறவைப் பற்றித் திருப்தியாகச் சொன்னார்கள். நீங்கள் தவழ வேண்டாம், இருவருக்கும் தெரியாத ஒன்றாக இருந்தால் சரி. படம் தப்பில்லை, ஆனால் இரண்டரை மணி நேரம் இருட்டில் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் அது.

வேலை நாள் எரிச்சலுக்குச் சின்ன வழி. வண்டியை நிறுத்தியதும் "பதினைந்து நிமிஷம் கொடு" என்று சொல்லி முகம் கழுவி, காபி குடித்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள். சொன்னபடி பதினைந்தாவது நிமிடம் வர வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு வாரம் தாங்காது. பிறகு இருபது நிமிடம் வங்கியில் நடந்ததை அவர் சொல்லட்டும். யோசனை சொல்லாதீர்கள், "அப்புறம்?" போதும். அவர் தி.நகரிலிருந்து வந்து சேர்ந்ததும் அவருக்கும் அதே பதினைந்து நிமிடம் உண்டு.

நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தால், "மாவுக்காக அழ வெச்சுட்டேன்" என்று தொடங்காதீர்கள். "அரிசி ஊறினதை நான் பார்க்கவே இல்ல. நம்ம அம்மா மாத்திரையும் உன் தலையிலதான் இருக்குன்னு இப்பதான் உறைச்சுது. அது ரெண்டும் இனிமே என்கிட்ட" என்று சொல்லுங்கள். அவர் உடனே நம்ப மாட்டார், "பார்ப்போம்" என்பார். வெள்ளிக்கிழமை இரவு, யாரும் சொல்லாமல், உளுந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். ஒரு டம்ளருக்குக் குறைவாக இருந்தால் கடை மூடுவதற்குள் போய் வாங்கி வந்துவிடுங்கள்.