அட்டையில் வாள், விதியில் தங்கம்

கேள்வி: ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பழைய புத்தகங்களில் ஆட்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி நடக்கிறார்கள், புதியவற்றிலோ எல்லோரும் வாளை ஓங்கியபடியே நிற்கிறார்கள். ஓவியப் பாணி மாறியதால்தான் ஆட்டமும் சண்டைமயமாகிவிட்டதா?

பதில்: சண்டை இடையில் வந்து ஒட்டிக்கொண்டதன்று. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்த ஆட்டம், செயின்மெயில் என்ற 1971ஆம் ஆண்டுப் போர் விளையாட்டின் வழிவந்தது. எனினும் தொடக்க கால விதிகளில் கதாபாத்திரம் வளர்வதற்கான அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் புதையலிலிருந்தே கிடைத்தன. மீட்டு வந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி என்பது கணக்கு, அரக்கனைக் கொன்றால் கிடைத்ததோ அற்பம். ஆகவே, மோதாமல் பொன்னை எடுத்து வருபவரே கெட்டிக்காரர்.

1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டுக்கு டேவிட் டிராம்பியர் வரைந்த அட்டை இதை அப்படியே காட்டுகிறது. சண்டை முடிந்துவிட்டது, பல்லி மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள், ஒருவர் வாளைத் துடைக்க, வேறு சிலர் வரைபடத்தின் மேல் குனிந்திருக்க, இரண்டு திருடர்கள் பெரிய சிலையின் மீது ஏறி அதன் கண்ணில் பதித்த மணியை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். விதிப்புத்தகம் முழுவதையும் ஒரே படத்தில் சொல்லிவிட்ட அட்டை என்று இதையே சொல்வேன்.

ஆனால் உங்கள் ஊகத்துக்கு இடையூறாக நிற்பது புதிதாக ஆடுவோருக்கான விதிகள் அடங்கிய, 1983ஆம் ஆண்டின் அடிப்படைப் பெட்டி. லாரி எல்மோர் வரைந்த அதன் மூடியில், தனி வீரன் ஒருவன் சிவப்பு டிராகனை நேருக்கு நேர் எதிர்க்கிறான். பெட்டிக்குள் இருந்த விதிகளோ பழையபடியே பொற்காசுக்குப் புள்ளி தந்தன. முதல் நிலை மந்திரவாதிக்கு, அடி தாங்கும் அளவான உயிர்ப் புள்ளிகள் பெரும்பாலும் நான்குக்கு மேல் இல்லை. சாதாரணக் கத்திக்குத்து ஒன்றே அவரை முடித்துவிடக்கூடும். படத்தை நம்பிப் பாய்ந்த சிறுவர்கள் அன்று எத்தனை கதாபாத்திரங்களைப் புதைத்திருப்பார்களோ! ஆக, ஓவியம் விதியை மாற்றவில்லை. ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பைத்தான் மாற்றியது.

விதி தெளிவாகத் திரும்பியது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில். பொற்காசுக்கான புள்ளி அங்கே இல்லை; எதிரியின் வலிமையை அளந்து, வென்றதற்கே புள்ளி கொடுக்கப்பட்டது. வார்களும் கொக்கிகளும் முட்களுமாக, எந்நேரமும் போருக்கு ஆயத்தமான உருவங்களை டாட் லாக்வுட் முதலியோர் அதே பதிப்பில்தான் வரைந்தனர். 2008இன் நான்காம் பதிப்பு, கதாபாத்திரம் நகரும் தூரத்தையே சண்டைப் பலகையின் கட்டங்களில் சொல்லும் அளவுக்குப் போனது.

கேள்வி: அப்படியானால் அட்டையில் சண்டை இருந்தால் உள்ளேயும் சண்டைதான் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற இதே வகையான வேறோர் ஆட்டத்தின் அட்டையிலும் ஒரு பெண், பல்லி போன்ற கொடிய விலங்கோடு மோதுகிறாள். ஆனால் அந்த விதிகளில் அடி எந்த உறுப்பில் விழுகிறது என்பதைப் பகடையே முடிவு செய்வதால், எவ்வளவு தேர்ந்த வீரரும் ஒரே வெட்டில் கையையோ காலையோ இழக்க நேரலாம். எனவே வாளை உருவுமுன் பலமுறை யோசிப்பார்கள். புத்தகம் வாங்கும்போது அட்டையை ரசியுங்கள். பிறகு அனுபவப் புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள்.