விரலில் முளைத்திருப்பது மருதானா?

கேள்வி: எனக்கு 43 வயது. குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறேன். இடது மோதிர விரலின் ஓரத்தில் இரண்டு வருடமாகச் சின்னதாக ஒரு சதை நீட்டிக்கொண்டிருக்கிறது. இலை வெட்டும்போது கத்தரி பட்டால் எரியும், மற்றபடி வலி இல்லை. மரு என்று அம்மான் பச்சரிசிப் பால் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. தலைமுடியால் இறுக்கிக் கட்டினால் விழுந்துவிடுமாம். கட்டலாமா? புற்றுநோயாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முடி கட்டாதீர்கள் அம்மா. மேலே தெரிவது விழுந்தாலும் வேர் உள்ளேயே இருக்கும், மறுபடி வளரும். நடுவில் சீழ் பிடித்தால் விரலுக்கே தொல்லை.

நல்ல வெளிச்சத்தில் அந்தச் சதையின் அடியைப் பாருங்கள். சுற்றிலும் தோல் சட்டைக் காலர் போல லேசாக மேடாக இருக்கிறதா? தோல் நிறத்தில், நுனி மட்டும் காய்த்துப்போய், இப்படிக் காலரோடு ஒற்றையாக நிற்பது பெரும்பாலும் ஃபைப்ரோகெரட்டோமா என்கிற நார்ச்சதை வளர்ச்சி. 1968-லேயே மருத்துவ நூல்களில் பதிவானது. அபூர்வம்தான், ஆனால் புற்றுநோய் அல்ல. மரு என்றால் மேல்புறம் சொரசொரப்பாக இருக்கும், சீவினால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதற்காக நீங்கள் பிளேடை எடுத்துவிடாதீர்கள்!

நகத்துக்குப் பக்கத்து மூட்டில் ஜெல்லி போன்ற நீரோடு பளபளக்கும் கட்டி வேறு ரகம். அதை ஊசியால் குத்தவே கூடாது, உள்ளே மூட்டோடு தொடர்பு இருக்கும். நகத்தைச் சுற்றி ஒன்றுக்கு மேற்பட்ட சதைகள் முளைத்து, வலிப்பும் முகத்தில் சிறு சிறு பருக்களும் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை நோயா என்று பார்ப்போம். கறுத்துப் பரவினால், புண்ணாகி ஆறாவிட்டால், சில வாரங்களிலேயே பெருத்து ரத்தம் கசிந்தால் தாமதிக்க வேண்டாம்.

உங்களுடையது இரண்டு வருடமாக அப்படியே இருப்பது நல்ல அறிகுறி. இருந்தாலும் நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். வேலூர் பக்கத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து வேரோடு எடுத்து, அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தையல் பிரிக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். அதுவரை இலை நனைக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.