போர்ப்பணிக்கு நிலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அந்தக் கால அமெரிக்காவில் படைவீரருக்கு எத்தனை ஏக்கர் கொடுத்தார்கள்?

எந்தப் போர், எந்த அரசு, என்ன பதவி? மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் கேட்பது! சரி, பிரிட்டனிடமிருந்து விடுதலைக்காக நடந்த புரட்சிப் போர் என்றே வைத்துக்கொள்கிறேன். 1776 செப்டம்பரில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க மாநிலங்களின் பொது மன்றம், அறிவித்தது: சிப்பாய்க்கு 100 ஏக்கர், கேப்டனுக்கு 300, கர்னலுக்கு 500. மாநிலங்கள் கொடுத்தது தனிக்கணக்கு. வட கரோலினாவில் 84 மாதம் பணியாற்றிய சிப்பாய்க்கு 640 ஏக்கர், ஜெனரல் நத்தனேல் கிரீனுக்கு 25,000.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டனின் கனாவா நதிக்கரை நிலங்கள் புரட்சிப் போருக்காகக் கிடைத்தவையா?

இல்லை. அவை அதற்கு முந்தைய, பிரெஞ்சுக்காரர்களுடனான போருக்கு உரியவை. 1754-இல் வர்ஜீனியாவின் துணை ஆளுநர் டின்விடி 2 லட்சம் ஏக்கர் தருவதாக அறிவித்தார். வாஷிங்டன் தன் பங்கோடு நிற்காமல், மற்ற வீரர்களின் உரிமைகளையும் விலைக்கு வாங்கிச் சேர்த்தார்.

கேள்வி: என் கட்டுரைக்காகக் கேட்கிறேன். வாரண்ட் பட்டியலில் பெயர் உள்ள சிப்பாய்கள்தானே ஓஹையோவின் முதல் குடியேறிகள்?

தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். வாரண்ட் நிலமல்ல. நிலம் கேட்கும் உரிமைச்சீட்டு, அவ்வளவுதான். அதைக் கொடுத்து, இடம் குறித்து, அளந்து, கடைசியில்தான் பட்டா வரும். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

1776-இல் வாக்குக் கொடுத்தபோது காங்கிரஸிடம் ஓர் ஏக்கர்கூடக் கிடையாது. ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே தனக்கிருந்த உரிமையை வர்ஜீனியா விட்டுக்கொடுத்ததே 1784-இல். ஓஹையோவில் சுமார் 25 லட்சம் ஏக்கரைப் படைவீரருக்கென்று ஒதுக்கிய சட்டம் வந்தது 1796-இல். அதிலும் ஒரு நிபந்தனை: 4,000 ஏக்கருக்குக் குறைந்து எடுக்க முடியாது! நூறு ஏக்கர் சிப்பாய் நாற்பது பேர் சேர்ந்தால்தான் ஒரு துண்டு. சம்பள பாக்கியோடு ஊர் திரும்பியவன் நாற்பது பேரை எங்கே போய்த் தேடுவான்? வந்த விலைக்குச் சீட்டை விற்றான். தரகர்கள் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். 100 ஏக்கர் துண்டுகளுக்கு வழி பிறந்தது 1800-இல்தான், வாக்குக் கொடுத்து 24 வருடம் கழித்து.

வர்ஜீனியா தன் வீரருக்கென்று வைத்துக்கொண்ட சியோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வேறு வகைச் சிக்கல். அங்கே இடத்தைத் தேடிப்பிடித்து அளப்பது வாரண்ட் வைத்திருப்பவரின் பொறுப்பு. நத்தானியல் மாஸி போன்ற நில அளவையாளர்கள் கூலியாக நிலத்திலேயே பங்கு எடுத்தார்கள். நியூயார்க்கில் படைவீரருக்கான 600 ஏக்கர் மனைகளுக்கு 1790-இல் சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே பலர் உரிமையை விற்றிருந்தார்கள். ஒரே மனை இருவருக்கு விற்கப்பட்டது, போலிப் பத்திரம் என்று வழக்குகள் பெருகி, கடைசியில் அதற்கென்றே ஆணையர்களை நியமிக்க வேண்டியதாயிற்று. போரிட்டவன் ஒருவன், நிலத்தை ஆண்டவன் இன்னொருவன். இந்த அநியாயத்தை மூடிவிட்டு ‘முதல் குடியேறி’ என்று அவனுக்கு மாலை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: காலியாகக் கிடந்த நிலத்தைத்தானே கொடுத்தார்கள்?

காலி நிலமா? சியோட்டோ பக்கம் ஷானி பழங்குடி மக்களின் ஊர்கள் இருந்தன. நியூயார்க்கில் கொடுத்தது ஒனண்டாகா, கயூகா மக்களின் மண். 1794-இல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் பழங்குடிகள் அமெரிக்கப் படையிடம் தோற்ற பிறகு, 1795-இல் கிரீன்வில் உடன்படிக்கையில் தெற்கு ஓஹையோவை அவர்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள்.

கேள்வி: வர்ஜீனியாவில் நிலத்தோடு அடிமையையும் கொடுப்பதாகச் சொன்னது உண்மையா?

உண்மை. 1780-ஆம் ஆண்டுச் சட்டம்: போர் முடியும்வரை பணியாற்றுபவருக்கு 300 ஏக்கர், கூடவே 10 முதல் 30 வயதுக்குள் ஆரோக்கியமான ஓர் அடிமை, அல்லது 60 பவுண்டு. அது சட்டப் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது.

கேள்வி: என் முன்னோருக்கு வாரண்ட் உண்டு. விண்ணப்பம் மட்டும் கிடைக்கவில்லையே?

1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்தபோது ஆரம்பகால விண்ணப்பங்கள் போய்விட்டன. மாநில ஆவணங்களைத் தேடுங்கள். அப்புறம், மறுபடியும் சொல்கிறேன்: பட்டாவைப் பார்க்காமல் அவர் அங்கே வாழ்ந்தார் என்று எழுதாதீர்கள்.

கேள்வி: கனெக்டிகட்டின் ‘ஃபயர்லேண்ட்ஸ்’ படைவீரர் நிலமா?

அல்ல. பிரிட்டிஷ் படை வீடுகளை எரித்ததால் நஷ்டப்பட்ட ஊர்க்காரர்களுக்கு 1792-இல் ஒதுக்கிய 5 லட்சம் ஏக்கர் அது.